சீட் கவர் தைக்கும் மகாராணி

ஒருத்தியை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாத பாஷையில் அவளைப் பற்றியே பேசிச் சிரிக்கிறவர்களுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் என்று நான் சொன்னால் என்னைக் கோபக்காரன் என்பீர்கள். சரி, விடுங்கள். சீட் கவர்காரி என்ன செய்தாள் என்று சொல்கிறேன். கேட்டு முடித்ததும், நாக்கை அறுத்திருந்தாலே தேவலை என்று நீங்களே சொல்வீர்கள்.

கார் சீட்டுக்கு உறை தைப்பது அவள் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கனமான தையல் மிஷின், சுவரோரம் சுருள் சுருளாக ரெக்சின், மூலையில் ஸ்பாஞ்ச் ஷீட்டுகள். மெக்கானிக்குகள் கழற்றிய சீட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். அவள் பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக விரித்துப் புதியதை வெட்டி, ஓரம் மடக்கி இரட்டைத் தையல் போடுவாள். இழுத்து மாட்டினால் சுருக்கம் மருந்துக்கும் இருக்காது. அந்தத் தெருவில் பாதி வண்டிகளில் ஜனங்கள் உட்கார்ந்து போவது அவள் தையல் மேல்தான்.

அவள் வாழ்க்கைப்பட்ட இடம் கொஞ்சம் வெளிநாட்டு வாசனை அடிக்கிற இடம். மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் கடல் தாண்டி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகள், மகன் இரண்டு பேரும் அங்கேதான் பள்ளிக்கூடம் போனார்கள். மகள் அங்கத்து ஆள் ஒருவரையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். மாமியார் மகனோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு கம்பளிக் கோட்டும் அந்த ஊர்ப் பாஷையும் வந்தன. கோட்டு பீரோவில் படுத்துத் தூங்கியது. பாஷைக்குத்தான் தூக்கமே கிடையாது.

மருமகள் அறைக்குள் நுழைந்தால் போதும், பேச்சு சட்டென்று அந்தப் பாஷைக்கு மாறிவிடும். வெளிநாட்டிலிருந்து நாத்தனார் போன் போட்டால் மாமியார் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, கண்ணால் மருமகளைக் காட்டிக் காட்டிப் பேசுவார். அந்தப் பக்கத்திலிருந்து கெக்கெக்கே என்று சிரிப்பு வரும். பேச்சின் நடுவே ஒரு வார்த்தை அடிக்கடி வந்து விழும். அது வரும்போதெல்லாம் சிரிப்பும் வரும். கல்யாணமான புதிதில் அவள் புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, என்னைப் பாத்து ஏதோ ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அதுவா? செல்லமா கூப்பிடுறாங்க."

டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்கிற மனுஷன். கடையில் வருகிறவர்களுக்குப் பளபளப்பைக் காட்டி வாய் வலிக்கப் பேசுவார். வீட்டில் கேட்டால் இரண்டே பதில். ஒன்று, ஒண்ணுமில்ல. இன்னொன்று, அங்க மழையாம். அந்த ஊரில் வருஷம் பூராவும் மழை பெய்துகொண்டே இருந்தது என்று அவள் வெகுகாலம் நம்பினாள், பாவி மகள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னது டிவிதான். மாமியார் டிஷ் வைத்து அந்த ஊர்ச் சேனலைத்தான் பார்ப்பார். ஒருநாள் மருமகள் டீயோடு ஹாலுக்குள் வருகிறாள், டிவியில் விளம்பரம். ஒரு பெண் முழங்காலிட்டுத் தரை துடைக்கிறாள். அழுக்குத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுளித்து, அந்த வார்த்தையைச் சொல்கிறாள். அடுத்து புதுத் துணியை எடுத்துக் காட்டி மறுபடியும் அதே வார்த்தை. அந்தத் துணியையே திரை நிறையப் பெரிதாகக் காட்டினார்கள். சந்தேகமே இல்லை. தரைத்துணி!

மருமகள் டீயை வைத்துவிட்டுத் திரும்பிக் கொட்டகைக்குப் போனாள். செல்லமா கூப்பிடுறாங்களாம். மாமியார் வைத்த பெயரைவிடப் புருஷன் சொன்ன அந்தச் செல்லம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "இருங்கடி, உங்க பாஷையிலயே உங்களைக் கிழிக்கிறேன்" என்று ஸ்பாஞ்ச் ஷீட்டிடம் சொன்னாள். கேட்க வேறு ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது படிப்பு. வாத்தியார், அவளுடைய திரை கீறல் விழுந்த போன். மிஷின் மேல் நூல்கண்டுகளில் அதைச் சாய்த்து வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொள்வாள். முதலில் விளம்பரங்கள். விளம்பரம் மாதிரி நல்ல வாத்தியார் யாரும் கிடையாது. சோப்பைக் காட்டி சோப்பு என்கிறான், பல்லைக் காட்டிப் பல் என்கிறான், அதையே சலிக்காமல் நாளெல்லாம் சொல்கிறான். பிறகு வானிலை அறிக்கை. அதில்தான் மழைக்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் காது கூர்மையாயிற்று. நாத்தனார் போனில் பேசிய எத்தனையோ பேச்சில் அந்த மழை வார்த்தை ஒரே ஒரு தரம்கூட வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கும் கொட்டகைதான் இடம். அது சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு. அம்மாவின் காதிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பேருமாக பொம்மைப் படம் பார்த்தார்கள். அப்படியே தேடிப் போகும்போது அகப்பட்டதுதான் அந்தத் தொடர். பழைய காலத்து அரண்மனைக் கதை. சொந்தக்காரர்களே சேர்ந்து ஒரு ராணியை நாட்டை விட்டு விரட்டிவிடுகிறார்கள். அவள் திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறாள். கதை முடிகிற வழியாகக் காணோம், எபிசோடு எபிசோடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஆள் விடுவாளா? சோறு தண்ணி மறந்தாள்.

தையலுக்கும் வசனத்துக்கும் நல்ல பொருத்தம். மிஷின் கடகடவென்று ஓட, ராணி சொல்லச் சொல்ல இவளும் சொல்வாள். ராணி விரலை நீட்டினால் இவள் கத்தரிக்கோலை நீட்டுவாள். மகள் தோழி வேஷம் கட்டும். கதையில் ராணி ஆணையிட்டு முடித்ததும் தோழி குனிந்து, "உத்தரவு, மகாராணி" என்பாள். அதை மகள் பிசகாமல் சொல்லும். ஒருநாள் ஒரு மெக்கானிக் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரைக்கா இப்படித் திட்டுறே? நான் லேட்டா வந்ததுக்கா?"

"உங்களை இல்லண்ணா. இது வேற ஆளுக்கு. கொஞ்சம் பாக்கியிருக்கு."

இதில் நடந்த கூத்து என்னவென்றால், அவள் கற்றுக்கொண்டது முழுக்க அரண்மனைப் பாஷை. உப்பு எங்கே என்று அந்தப் பாஷையில் கேட்கத் தெரியாது. ஆனால் துரோகியைக் கழுவில் ஏற்றச் சொல்லத் தெரியும். பஸ்ஸுக்கு வழி கேட்கத் தெரியாது. கோட்டைக் கதவை அடைக்கச் சொல்லத் தெரியும். அதில் ஏதும் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. உப்பு கேட்கவா அவள் கற்றுக்கொண்டாள்?

கேட்பது மட்டும் நாளுக்கு நாள் தெளிவாயிற்று. ஒருநாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மாமியார் போனில் சொன்னார். அந்தப் பாஷையை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, எனக்கும் எழுத வராது; நம் பேச்சிலேயே சொல்கிறேன். "நம்ம தரைத்துணி டீ போட்டிருக்கா பாரு, துணியப் பிழிஞ்ச தண்ணி மாதிரியே இருக்கு." முழு வாக்கியம்! ஒரு சொல் விடாமல் புரிந்தது! சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பழையபடி ஒன்றும் தெரியாத முகம்.

அந்த முகத்தை வைத்துக்கொள்வதுதான் படிப்பிலேயே கஷ்டமான பாடம். சின்னச் சின்னதாகப் பழி வாங்காமலும் இருக்க முடியவில்லை. நல்ல பிஸ்கட்டையெல்லாம் கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதாக மாமியார் போனில் தன் மகளிடம் பீற்றிக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது அந்த டப்பா ஹால் மேசையில் திறந்து கிடந்தது. "பீரோ தொடைக்கும்போது கெடைச்சுது அத்தை. பாவம், மறந்துட்டீங்க போல" என்றாள் மருமகள். பக்கத்து வீட்டுக்காரி ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள். மாமியார் காலி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார். இப்படிப் போய்க்கொண்டிருந்தால் இந்தக் கதையும் பிஸ்கட்டோடு முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமியார் சோபாவில், புருஷன் நாற்காலியில் நகம் வெட்டிக்கொண்டு, அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு. போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"லீவுக்கு நாங்க வர்றோம்" என்றாள் நாத்தனார் அந்தப் பாஷையில். "திரும்பும்போது தம்பி பொண்ணையும் கூட்டிட்டு வந்துடறோம். இவருக்குப் புள்ளை ஏக்கம். ராத்திரியெல்லாம் உக்காந்து அழறாரு, என்னால சகிக்க முடியல. கையில ஒரு பொம்மையைக் குடுத்தா வாயை மூடுவாரு. தாய்க்காரி முழுச் சம்மதம் சொல்லிட்டான்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இல்லன்னா அந்த மனுஷன் இதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு."

"எப்ப திருப்பி அனுப்புவே?" என்று கேட்டார் மாமியார்.

"எதுக்குத் திருப்பி? இங்கேயே வளரட்டும். தரைத்துணிகிட்ட வளந்து என்ன ஆகப்போகுது?"

மருமகளின் கையில் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை. மடிப்பு கலைந்து போயிற்று, மறுபடி மடித்தாள். காது முழுக்கப் புருஷன் பக்கம். ஒரு தகப்பன் இதற்கு என்ன சொல்வான்? அவர் நகவெட்டியை ஊதித் துடைத்துவிட்டு, அதே பாஷையில் சொன்னார். "ஒரு மாசம் சுத்திப் பாக்கப் போறான்னு அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். அப்புறம் மெல்லப் பழகிடுவா."

அவள் நிமிர்ந்தாள். நம் பாஷையில் கேட்டாள். "அண்ணி என்னங்க சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. அங்க மழையாம்."

கொட்டகைக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அப்போதே ஹாலுக்குப் போய்க் கத்தியிருப்பாள். ஆனால் கத்தினால் என்ன ஆகும்? நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்பார்கள், வேறு பொய் தயார் செய்வார்கள், வேறொரு நாள் பார்த்துக் காரியத்தை முடிப்பார்கள். பொய்யை நம்பி வரப்போகிறவர் அந்த வெளிநாட்டு மாப்பிள்ளை. அவர் காதில், அவர் பாஷையில் விழ வேண்டும். எல்லோரும் கூடியிருக்கும்போது விழ வேண்டும். ராணியும் அப்படித்தான் செய்தாள், சபை கூடும்வரை காத்திருந்தாள். மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து மடியில் ஏறியபோது இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மூச்சு முட்டுதும்மா" என்றது அது. விடவில்லை.

லீவு வந்தது, நாத்தனாரும் வந்தாள். மாப்பிள்ளை உயரமான, கூச்சப்படுகிற மனுஷன். கொட்டகைக்கு வந்து சீட் கவரைத் தடவிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, நல்லா" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே நாலைந்து வார்த்தைதான். இந்த நல்லவரையுமா அடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் மனம் இளகியது. மகளின் பாவாடையை நினைத்துக்கொண்டாள். இளகினது மறுபடி இறுகிவிட்டது.

மகள் ஒரு மாசம் சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று புருஷன் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் வாங்கி வந்த புது கவுனில் மகள் கதவோரம் நின்றது. மருமகள் காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார்.

"இந்தம்மா ஒரு வார்த்தை பேசலியே" என்றார் தன் பாஷையில். "பொண்ணை அனுப்ப வருத்தமா இருக்காதா?"

"இவளுக்கா?" என்று முந்திக்கொண்டார் மாமியார். "போனா ஒரு சுமை கொறையும்னு இவதான் தெனமும் சொல்றா."

மாப்பிள்ளைக்கு மனசு ஒப்பவில்லை. மைத்துனரிடம் திரும்பினார். "நீ சொல்லு. நெஜமாவா?"

மருமகள் தட்டோடு அசையாமல் நின்றாள். ஒரு 'இல்லை' போதும். அந்த ஒரு சொல்லை மட்டும் புருஷன் சொல்லியிருந்தால், கற்றது அத்தனையையும் கொட்டகையிலேயே புதைத்துவிட்டுப் போயிருப்பாள், சத்தியமாக. அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள். வலது கை தானாக நீண்டது. அந்த ஊர் அரண்மனைப் பாஷை, சுத்தமாக, கொட்டகை மிஷினின் வேகத்தில் வந்தது. நம் பாஷையில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"நிறுத்துங்கள்! இந்தச் சபையில் உரைக்கப்பட்டவை அனைத்தும் பொய்! என் மகளை என்னிடமிருந்து கவர்ந்து செல்லத் துணிபவர் எவராயினும், அவர் தலை கோட்டை வாயிலில் தொங்கும்! இது என் ஆணை!"

"உத்தரவு, மகாராணி!" என்று கதவோரத்திலிருந்து குனிந்தது மகள்.

மாப்பிள்ளைக்குக் காபி புரையேறி மூக்கு வழியாக வந்தது. நாத்தனாரின் வாய் திறந்தது திறந்தபடி. மாமியார் டிவியைத் திரும்பிப் பார்த்தார். டிவி அணைந்துதான் கிடந்தது.

இருமல் நின்றதும் மாப்பிள்ளை எழுந்து நின்றார். "நீங்க சம்மதிக்கலையா?" என்றார் மெதுவாக.

"எக்காலத்தும் இல்லை. என்னிடம் கேட்டவரும் இல்லை."

இத்தோடு விட்டிருக்கலாம். மகள் கையை விட்டுப் போகாமல் கிடைத்தாயிற்று. ஆனால் வருஷக்கணக்காகத் தரைத்துணியாகக் கிடந்தவள் அவள். விட மனம் வரவில்லை. நாத்தனார் பக்கம் விரலை நீட்டினாள்.

"இதோ நிற்கும் உம் பட்டத்தரசி உம்மைக் குறித்து உரைத்ததையும் கேளும். நீர் இரவில் சிந்தும் கண்ணீரைக் கண்டு நகைத்தாள். உம் வாயை அடைக்க ஒரு பொம்மை போதும் என்றாள். என் குழந்தையே அந்தப் பொம்மை!"

"பொய்!" என்று கத்தினாள் நாத்தனார். கத்தியது தமிழில். மாப்பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று, அடிபட்ட குழந்தை முகம். பாவம்தான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் வாசல் வரை போனார். நின்று, அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, மன்னிப்பு" என்றார் தமிழில். அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்விட்டார். நாத்தனார் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவர்களுக்குள் பிறகு என்ன ஆயிற்று என்பது அவர்கள் பாடு.

ஹாலில் மாமியார் மட்டும் மிஞ்சினார்.

"எப்பிடி... எல்லாத்தையும் எப்படிக் கத்துக்கிட்டே?"

"தரைத்துணிதானே அத்தை" என்றாள் மருமகள் நிதானமாக. "கீழே சிந்தினதையெல்லாம் உறிஞ்சிக்கிட்டேன்."

புருஷன் கொட்டகைக்கு வந்தார். அக்கா கேட்டாள், அம்மா சொன்னாங்க, எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல என்று நீட்டி முழக்கினார். டைல்ஸ் கடைப் பேச்செல்லாம் அன்றைக்குத்தான் வீட்டில் கேட்டது. அவள் மிஷினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மீதியைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பாஷை செத்துப்போயிற்று. வெளிநாட்டு மகள் போன் போட்டால் மாமியார் மூட்டுவலியோடு மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. மருமகள் துணி காயப்போடும் சாக்கில் பின்னாலேயே ஏறுவாள். மாமியார் போனை வைத்துவிட்டு இறங்கிவிடுவார். ரிமோட் இடம் மாறி மருமகளின் மடிக்கு வந்தது. டிவியில் இப்போது இன்னொரு நாட்டுச் சேனல். அங்கே வேறு ஜனங்கள், வேறு சண்டை, வேறு பாஷை. இந்த வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை, கேட்டதும் இல்லை. அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளம்பரத்திலிருந்தே ஆரம்பித்தார்கள்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது இரண்டு பேருக்கும் அது சரளமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அம்மா ஏதோ சொல்வாள், மகள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஏதோ பதில் சொல்லும், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வார்த்தை அடிக்கடி வரும். அது வரும்போதெல்லாம் சிரிப்பும் வரும். புருஷன் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"என்னதான் சொல்றீங்க ரெண்டு பேரும்? என்னைப் பத்தியா?"

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டாள்.

"ஒண்ணுமில்லங்க. அங்க மழையாம்."